தனுஷ்கோடி மணல்முனையில் ஒரு சுற்றுநடை: திட்டமிடும் முறை

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை வண்டியிலேயே போய், தூணருகே நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். அதே நிலத்தை ஒரு கடலின் கரையோரமாகப் போய், மறு கடலின் கரையோரமாகத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்படி நடந்தும் பார்க்கலாம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஏற்றம் இறக்கம் கிடையாது. அன்றாடம் ஒரு மணி நேரம் நடந்து பழகிய எவரும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய நடைதான். ஆனாலும் இதை ஊருக்குள் தார்ச்சாலையில் நடக்கும் 10 கிலோமீட்டரோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. நிழல் இல்லை, வழியில் நம்பத்தகுந்த குடிநீர் இல்லை, கால் புதையும் மணல், காற்று ஓங்கிவிட்டால் முகத்தில் அறையும் மணல். ஆகவே முதலில் காற்றையும் மணலையும் தண்ணீரையும் வைத்துத் திட்டமிட்டுவிட்டு, கிலோமீட்டர் கணக்கைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதே இங்கே நான் வலியுறுத்த விரும்புவது.

எங்கே தொடங்குவது

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இப்போது 9.5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலை இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் அது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. முதல் 5 கிலோமீட்டர் பழைய தனுஷ்கோடி ஊரின் இடிபாடுகள் வரையிலும், மீதி 4.5 கிலோமீட்டர் அங்கிருந்து முனை வரையிலும் போகிறது. இந்த இரண்டாவது பகுதியைச் சுற்றி நடப்பதுதான் நான் பரிந்துரைக்கும் நடை. அந்த இடிபாடுகளில் உள்ள பழைய தேவாலயத்தின் அருகில் தொடங்கி, மன்னார் வளைகுடாக் கரையிலோ பாக் விரிகுடாக் கரையிலோ முனையை அடைந்து, மற்றொரு கரை வழியாக அதே தேவாலயத்துக்குத் திரும்ப வேண்டும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்தே தொடங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தொலைவு 19 கிலோமீட்டரைத் தாண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்தப் பகுதியின் வடக்கே விரிந்திருக்கும் ஆழமில்லாச் சேற்றுநீர்ப் பரப்பு. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக இறங்கி இரை தேடும் இடம் அது. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு அங்கே சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. மனிதர் காலடி அங்கே படாமலிருப்பதே நல்லது. சாலையோரம் நின்று பார்த்தாலே பறவைகள் கண்ணுக்கு நிறையத் தெரியும்.

தேவாலயத்திலிருந்து முனை வரையிலான பகுதிக்கு இன்னொரு வசதியும் உண்டு. நிலம் ஒடுங்கியிருப்பதாலும் சாலை நடுவே ஓடுவதாலும், எந்தக் கரையில் நடந்தாலும் சாலை பக்கத்திலேயே இருக்கும். யாருக்காவது இயலாமல் போனால் சாலைக்கு ஏறிப் பேருந்தையோ வேனையோ நிறுத்திக்கொள்ளலாம். பாலைநிலம் போன்ற இடத்தில் முதன்முறையாக நீண்ட தூரம் நடக்க விரும்புகிறவர்களுக்கு இவ்வளவு பாதுகாப்பான இடம் நம் பக்கத்தில் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் சாலையின் ஓரங்களில் பல இடங்களில் கற்களை அடுக்கி அணை கட்டியிருக்கிறார்கள். எங்கு வேண்டுமானாலும் ஏறிவிடலாம் என்று எண்ணாமல், வண்டியில் வரும்போதே ஏறுவதற்கு ஏற்ற இடங்கள் இரண்டு மூன்றைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பருவமும் காற்றும்

இந்தக் கரையில் எந்தப் பக்கமாகப் போய் எந்தப் பக்கமாகத் திரும்புவது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. மணல்முனை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை வீசும் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வந்து மன்னார் வளைகுடாப் பக்கத்தைக் கலக்கும். அந்த மாதங்களில் தெற்குக் கரையில் அலை ஓங்கி அடித்து நடைக்கான பட்டையைக் குறுக்கிவிடும். வடக்கே பாக் விரிகுடா ஏறத்தாழ அசைவற்றுக் கிடக்கும். ஐப்பசி முதல் தை வரை வீசும் வாடைக்காற்றில் நிலைமை தலைகீழாகிவிடும். இங்குள்ளவர்கள் பெண்கடல் என்று சொல்லும் பாக் விரிகுடா அப்போது கொந்தளிக்கும், ஆண்கடலாகிய மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும்.

ஆகவே ஒரே விதியை எல்லாப் பருவத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். காற்று வந்து மோதும் கரையில் முதலில் நடந்துவிட்டு, காற்று மறையும் கரை வழியாகத் திரும்ப வேண்டும். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போதும், காற்று இன்னும் முழுவேகம் பிடிக்காத நேரத்திலும் கடினமான பாதி முடிந்துவிடும். கச்சான் காலத்தில் தெற்குக் கரையில் போய் வடக்குக் கரையில் வந்தால், நடை முழுவதும் கடல் வலக்கைப் பக்கம் இருக்கும். வாடைக் காலத்தில் வடக்கே போய்த் தெற்கே வந்தால், கடல் இடக்கைப் பக்கம் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வது எளிது. காலுக்கும் இதனால் ஒரு விளைவு உண்டு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தை மாதக் கடைசியிலிருந்து பங்குனித் தொடக்கம் வரையிலான வாரங்களே இந்த நடைக்கு மிகவும் ஏற்றவை. வாடை தணிந்திருக்கும், கச்சான் எடுத்திருக்காது, வெயில் உச்சத்துக்கு ஏறியிருக்காது, பூநாரைகளும் இன்னும் புறப்பட்டுப் போயிருக்கமாட்டா. சித்திரை, வைகாசி வெயிலில் நடப்பதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். மழையும் புயலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான் இந்தக் கரைக்கு வரும். பாம்பன் துறைமுகத்தில் எந்த எண்ணில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தாலும் திட்டத்தை வேறு வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

வானிலை அறிக்கையைப் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நடை தொடங்கும் இடத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்பது அதைவிடப் பயனுள்ளது. “அண்ணே, இன்னைக்குக் காத்து எப்படி இருக்கும்?” என்று கேட்டால், “கச்சான் எடுத்துருச்சு தம்பி, பத்து மணிக்கு மேல மண்ணு பறக்கும், அதுக்குள்ள வந்துருங்க” என்று மணிக்கணக்கோடு பதில் வரும். அந்த நேரத்தையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

இருட்டில் இந்தப் பகுதிக்குள் பொதுமக்களை விடுவதில்லை. காலை ஆறு மணியளவில்தான் சோதனைச் சாவடியைக் கடக்க முடியும்; மாலையில் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்பதை முதல் நாளே அங்கே விசாரித்துக்கொள்ள வேண்டும். மாலை நடையை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். களைத்துப்போய் மெதுவாக நடக்கும் நேரத்தில் கடிகாரமும் துரத்தினால் மனம் கலங்கும்.

ஆறரை மணிக்குத் தேவாலயத்தருகே கால் எடுத்து வைத்தால், இறுகிய ஈர மணலில் மணிக்கு 4 கிலோமீட்டர் போகலாம். உதிரி மணலில் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போவதே பெரிது. இரண்டும் கலந்து வரும் என்பதால், முனைக்குப் போக ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கே இருபது நிமிட ஓய்வு, திரும்பிவர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பத்தே முக்கால் மணிக்குள் நடை முடியும். முனையை எட்டியிருந்தாலும் எட்டாவிட்டாலும் ஒன்பது மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் நின்று விவாதித்தால், “இன்னும் கொஞ்சம்தானே” என்ற குரலே வெல்லும்.

காலையில் முனையை நோக்கிப் போகும்போது, குறிப்பாகக் குளிர்கால மாதங்களில், சூரியன் ஏறத்தாழ நேர் எதிரே எழும். முன்பக்கம் நீண்ட விளிம்புள்ள தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அப்போது வேண்டும். திரும்பும்போது வெயில் பிடரியில் விழும்; ஒரு பருத்தித் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் போதும்.

மணலை அறிந்து நடத்தல்

இந்த நடையில் வேகத்தையும் களைப்பையும் முடிவு செய்வது நீங்கள் கால் வைக்கும் இரண்டு அடி அகலப் பட்டைதான். அலை ஏறி இறங்கிய ஈரப் பட்டையில் ஒரு காலை ஊன்றி, உடல் பாரத்தை அதன்மேல் கொடுத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு ஈரம் மறைந்து மணல் வெளிறினால் அது தாங்கும் மணல். மணல்துகள்கள் நெருக்கம் கலைந்து விலகுவதால் மேலேயுள்ள நீர் அந்த இடைவெளிகளுக்குள் இறங்கிவிடுகிறது. அதற்கு மாறாக, மிதித்ததும் நீர் ஊறி மேலே வந்து தடம் உடனே கரைந்து போனால், இன்னும் இரண்டு மூன்று அடி மேலே ஏறி நடக்க வேண்டும். மிகவும் மேலே போய்விட்டாலோ காய்ந்த உதிரி மணல் வந்துவிடும். அங்கே ஒவ்வொரு அடியும் பாதி பின்னுக்குச் சறுக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பட்டையைக் கண் விடாமல் தொடர்வது முதல் அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

இந்தக் கடல்களில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், தட்டையான கரையில் அதுவே நடைபாதையின் அகலத்தைப் பெரிதும் மாற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றவும் செய்யும், நன்றாக ஏறவும் செய்யும். வற்றும் நேரம் காலை நடையோடு பொருந்தும் நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இறுகிய மணல் அகலமாகக் கிடைக்கும். முனையை நெருங்கும் இடத்தில் கரை ஒடுங்கி, சில வேளை அலை நேரே கல்லணையில் மோதும். அங்கே கற்களின்மேல் தாவிப் போக முயலாமல், முன்னதாகவே சாலைக்கு ஏறிக் கடந்துவிட வேண்டும். பாசி படிந்த கல் வழுக்கினால் கணுக்கால் போய்விடும்.

கடல் எப்போதும் ஒரே கைப்பக்கம் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் கடலோரக் கால் தாழ்ந்தும் மறு கால் உயர்ந்தும் ஊன்றும். போன வழியே திரும்பும் நடையில் இந்தச் சரிவு பாதிவழியில் கால் மாறிச் சமனாகிவிடும். சுற்றுநடையில் அப்படி மாறாமல், நான்கு மணி நேரமும் ஒரே காலுக்குத்தான் சுமை. முழங்கால், இடுப்பு வலி உள்ளவர்களை இது சோதிக்கும். அரை மணிக்கு ஒருமுறை சரிவை விட்டு மேலேறிச் சமதளமான மணலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு மீண்டும் இறங்குவது நல்லது. மெதுவாகப் போவதாகத் தோன்றினாலும் மறுநாள் காலையில் அதன் அருமை தெரியும்.

செருப்பைப் பொறுத்தவரை, ரப்பர் செருப்பு உதவாது. வெறுங்காலோடு நடக்க ஆசை வரும்; ஆனால் கரையில் கண்ணாடித் துண்டு, அறுந்த வலை, துருப்பிடித்த தூண்டில் முள் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும். மேட்டு மணலில் இராவணன் மீசைப் புல் பந்து பந்தாக வளர்ந்திருக்கும். அதன் இலைநுனி ஊசி போலக் குத்தி உள்ளேயே முறிந்துவிடும். ஆகவே மெல்லிய கேன்வாஸ் ஷூவும் காலுறையும் போதுமானவை. ஓய்வெடுக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றைக் கழற்றி மணலை உதற வேண்டும். விரலிடுக்கில் தேங்கிய மணல் ஒரு மணி நேரத்தில் தோலை உரித்துக் கொப்புளமாக்கிவிடும். அடப்பங்கொடி படர்ந்த இடங்களில் மிதிக்காமல் சுற்றிப் போங்கள். அந்தக் கொடிதான் மணல்மேட்டைக் காற்றில் கரையாமல் பிடித்து வைத்திருக்கிறது.

தண்ணீரும் உணவும்

தலைக்கு 3 லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. முனையை அடையும்போது பாதிக்குக் குறையாமல் மீதி இருக்க வேண்டும். அப்படி மீதி இல்லாதவர் மறு கரையில் நடக்காமல் சாலை வழியாக வண்டியில் திரும்ப வேண்டும். தாகம் எடுத்த பிறகு மொத்தமாகக் குடிப்பதைவிட, கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்குக் குடித்துக்கொண்டே போவது நல்லது. கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு நீர் இழந்தோம் என்பது உடம்புக்கே தெரியாது.

மூன்று லிட்டரில் ஒரு லிட்டரை உப்பு, சர்க்கரைக் கரைசலாக வைத்துக்கொள்ளலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் மட்டமாக ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்தால் போதும். உப்பைக் கூட்டிவிடக் கூடாது. சாப்பிடுவதற்குப் புளிச்சோறு, கடலை மிட்டாய், பனங்கருப்பட்டித் துண்டு ஆகியவை வெயில் தாங்கும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயில் ஒதுக்கிக்கொண்டு நடக்க அதைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து வேறில்லை. இடிபாடுகளுக்கு அருகே மீன் வறுத்துக் கொடுக்கும் குடிசைக் கடைகளும் சங்கு, சிப்பிப் பொருட்கள் விற்கும் கடைகளும் உண்டு. ஆனால் அவை எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதை நம்பித் திட்டமிட முடியாது. கழிப்பறை வசதியும் குறைவு. பெண்களும் குழந்தைகளும் இராமேசுவரத்திலேயே ஆயத்தமாகிப் புறப்படுவது நல்லது.

இரு பக்கமும் உப்புக்கடல் சூழ்ந்த இந்த மணலில் நல்ல தண்ணீரும் இருக்கிறது என்பதைப் பார்க்க வாய்த்தால் தவறவிடாதீர்கள். இங்கு வாழும் மீனவக் குடும்பங்கள் மணலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, பக்கம் சரியாமல் தடுப்பு வைத்து, அடியில் ஊறி நிற்கும் நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் நிரப்புகிறார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைவாக இருப்பதால், அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ வேகமாக இறைத்தாலோ கீழேயுள்ள உப்பு ஏறிவிடும் என்பதால்தான் சிரட்டையால் மெல்ல அள்ளுகிறார்கள். அது அவர்கள் வீட்டுத் தண்ணீர். அதைக் கலக்குவதோ, அருகில் கை கால் கழுவுவதோ கூடாது; நம் பாட்டில் காலியானால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கும் கூடாது.

கரையில் ஒழுகவேண்டிய முறை

கரைவலை இழுக்கும் நேரத்தில் நீங்கள் அந்த வழியே வர நேரிடும். கடலுக்குள் அரைவட்டமாக விட்ட வலையின் இரு கயிற்று முனைகளையும் இரண்டு குழுவினர் கரையில் நின்று, இடுப்பில் பட்டை மாட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். கயிறு விறைத்து நிற்கும். அதைத் தாண்டிக் குதிக்கவோ அடியில் நுழையவோ முயலாமல், இழுப்பவர்களுக்குப் பின்னால் மேடேறிச் சுற்றிப் போக வேண்டும். காயப்போட்ட வலையை மிதிக்கக் கூடாது. படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். வேலை செய்யும் மனிதரைக் காட்சிப் பொருளாக்குவது மரியாதை ஆகாது.

முனையில் கடலில் இறங்கக் கூடாது. இரண்டு கடல்களின் நீரோட்டம் சந்திக்கும் இடம் அது. முழங்காலளவு நீரிலேயே காலடி மணல் அரித்துக்கொண்டு போகும். எதிரே தெரியும் மணல் திட்டுகள் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். அவை இலங்கையின் தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு நீளும் வரிசையின் தொடக்கம்; எல்லைக் காவல் கடுமையாக உள்ள கடல் அது. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், அனுமதியின்றி டிரோன் பறக்கவிடாதீர்கள், கைப்பேசியில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள். முனையருகே இலங்கை அலைவரிசையைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் ஏறும்.

மன்னார் வளைகுடா 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். பவளத் துண்டு, கடல் அட்டை, பாதுகாக்கப்பட்ட சங்கு வகைகள் ஆகியவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கரையில் ஒதுங்கியது எது, சட்டத்துக்கு உட்பட்டது எது என்று பிரித்தறிவது நம்மால் ஆகாது. ஆகவே எதையும் எடுக்காமல் வருவதே சரி. தை முதல் பங்குனி வரை கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். காலையில் கடலிலிருந்து மேட்டை நோக்கி, இருபுறமும் துடுப்புப் பதிந்த அகலமான தடம் கண்ணில் பட்டால் அதன்மேல் நடக்க வேண்டாம், முடிவிடத்தைத் தோண்டவும் வேண்டாம். வனத்துறையினர் அந்தத் தடத்தை வைத்துத்தான் முட்டைகளைக் கண்டெடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீன் செத்தது போலத் தெரிந்தாலும் அதன் நூல்கள் தோலில் பட்டால் எரியும். குழந்தைகளிடம் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

இடிபாடுகளை நடையின் முடிவில் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முந்திய நேரத்தை அங்கே செலவிட்டால் நடை பின்தள்ளிப் போகும். களைத்திருந்தால் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளவும் முடியும். தேவாலயத்தின் சுவரை அருகே நின்று பாருங்கள். பவளக் கற்களைச் சுண்ணாம்பு வைத்துக் கட்டியது அது. தேன்கூட்டைப் போன்ற சிறு சிறு அறைகள் கல்லின் முகமெங்கும் தெரியும். பூச்சு உதிர்ந்த இடங்களில் உப்புக்காற்று அந்த அறைகளுக்குள் புகுந்து கல்லைப் பொடியாக்கிக்கொண்டிருக்கிறது. சாய்வதும் ஏறுவதும் பெயர் கீறுவதும் வேண்டாம். 1964 டிசம்பர் 22, 23 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த இரயிலோடும், வீடுகளோடும், மனிதர்களோடும் போன ஊர் இது. அந்த இரவில் தாய் தந்தையரை இழந்த குடும்பங்கள் இராமேசுவரம் தீவில் இன்றும் இருக்கின்றன. சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு அங்கே நுழையாதிருங்கள் என்று நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

உடம்புக்கு முடியாமல் போனால்

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு ஆகியவை வெயில் தாக்கியதன் முதல் அறிகுறிகள். அப்போதே நின்று, குடையோ துண்டோ பிடித்து நிழல் உண்டாக்கி, கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, தலையையும் கழுத்தையும் நனைத்து, சாலைக்கு அழைத்துப்போய் வண்டியேற்றிவிட வேண்டும். பேச்சு குழறினாலோ, உடல் கொதித்தாலோ, மயங்கினாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். கடலில் யாராவது சிக்கினால் கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554.

சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் வந்தால் முழுச் சுற்றுக்கு ஆசைப்படாமல், தேவாலயத்திலிருந்து ஒரு கரையில் 2 கிலோமீட்டர் போய், சாலையைக் குறுக்கே கடந்து, மறு கரையில் திரும்பும் சிறு சுற்றை வைத்துக்கொள்ளலாம். இரண்டு கடல்களையும் அவர்கள் பார்த்துவிடுவார்கள். கடை திறந்திருந்தால் ஒன்பது மணிக்கு முன்பே வறுத்த மீனுக்கு உட்கார்ந்துவிடலாம்.

செம்மணல் நிலத்துக்கு இதே முறை

இந்த நடை கைவந்தவர்களுக்கு அடுத்ததாகத் தோன்றும் இடம் தேரிக்காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி மாவட்டத்துக்குள் இறங்கினால், திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரியை அடையலாம். மணல்துகள்களின்மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால் அந்த நிலம் முழுவதும் குங்குமச் சிவப்பாக இருக்கும். தண்ணீர், நேரம், காற்று ஆகியவற்றுக்கு இங்கே சொன்ன கணக்கே அங்கும் பொருந்தும். ஆனால் வழி காட்டும் கடல் அங்கே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சிவந்த மேடு, அதே பனை, அதே முந்திரி. காற்றில் தடமும் அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆகவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலைத் தொடக்கப் புள்ளியாகக் கைப்பேசியின் வரைபடத்தில் குறித்து, வரைபடத்தை இணையமின்றிப் பார்க்கும்படி முன்பே இறக்கி வைத்து, நடக்கும் தடத்தைப் பதிவு செய்துகொண்டே போக வேண்டும். பவர் பேங்க் கட்டாயம். தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். முதன்முறை போகிறவர்கள் அந்த ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துப் போகாமல் சுற்றுநடை போடவே கூடாது.

முதல் நாள் மாலை

தனுஷ்கோடி நடைக்கு முதல் நாள் மாலையில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. பாம்பனில் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்றும், சோதனைச் சாவடியில் நேரக் கட்டுப்பாடு மாறியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். முதல் பேருந்து எப்போது புறப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது ஆறரை மணிக் கணக்குக்கு ஒத்துவராவிட்டால் ஆட்டோ அல்லது வேன் ஒன்றை இரவே பேசி முடித்துவிடுங்கள். பாட்டில்களை நிரப்பி, ஒன்றில் கரைசலைக் கலந்து, பிளாஸ்திரியும் ஊக்கும் ஒரு சிறு பையில் போட்டு வையுங்கள். குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு துணிப்பையும் வேண்டும். உடன் வராத ஒருவரிடம், விடுதிக்காரராகவோ வீட்டிலிருப்பவராகவோ இருக்கலாம், எந்தக் கரையில் போய் எந்தக் கரையில் திரும்புகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், அதற்குப் பின் எவ்வளவு நேரம் பொறுத்து யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். நடை முடிந்து வண்டி ஏறியதும் முதல் அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும்.